ஆண்களைக் காணவில்லை

ரோசிலி சேச்சி எங்கள் மன்றத்தில் முதன்முதலாக எழுதிய பதிவின் தலைப்பு: "ஆண்களைக் காணவில்லை. தயவுசெய்து உதவவும்."

மன்றம் என்றால் இணையத்தில் இருக்கிற மன்றம். கைத என்று ஒரு லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. திருச்சூர், கோழிக்கோடு, கொச்சி என்று அங்கங்கே இருக்கும் முப்பது நாற்பது பேர் சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை மலையாளத்திலேயே ஓடும்படி அதைக் கட்டி வைத்திருக்கிறோம். கிராமத்து வாயனசாலைகளின், அதாவது நூலகங்களின், பழைய கணினிகளில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. கோளாறு வந்தால் மன்றத்தில் எழுதுவார்கள், நாங்கள் பார்த்துச் சொல்வோம். உண்மையைச் சொன்னால், சொல்வதைவிட எங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வதுதான் அதிகம்.

அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான். மணலிக்கடவு உதயம் வாயனசாலையில் லைப்ரேரியனாக இருக்கிறேன். போன வாரம் கைத ஆறாம் பதிப்புக்கு மாறினேன். அதிலிருந்து உறுப்பினர் பட்டியலில் ஆண்களைத் தேடினால் வருவதில்லை. சரளா இருக்கிறாள், ரமணி இருக்கிறாள், கொச்சுத்ரேசியா இருக்கிறாள். ராகவன் இல்லை, சுகுமாரன் இல்லை, வேலாயுதன் இல்லை. ஆனால் வர்கீஸும் ஹம்சாவும் இருக்கிறார்கள். இந்து ஆண்களை மட்டும் ஏன் காணவில்லை என்று எங்கள் செயலாளர் கேட்கிறார்.

கேலி உடனே ஆரம்பித்தது. "பொண்ணுங்க ராஜ்ஜியம் வந்தாச்சு சேச்சி, பாயசம் வைங்க" என்று ஒருவர். "ராகவனக் கள்ளுஷாப்புல தேடுனீங்களா?" என்று இன்னொருவர். அரை மணி நேரத்தில் பதிவுக்குப் பூட்டு விழுந்தது. பூட்டியவர் ஷிஹாப், கோழிக்கோட்டுக்காரர், மன்றத்தின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்பவர். காரணம் என்று எழுதியிருந்தார்: "மத விஷயங்கள் இங்கே வேண்டாம்."

பிறகு எனக்குப் போன் செய்தார்.

"பேச்சி, அந்தப் பதிவப் பாத்தியா? யாராவது படம் புடிச்சு வெளிய விட்டா அவ்வளவுதான். கைத இந்துக்கள அழிக்குதுன்னு நாளைக்கு டிவில நாலு பேர் உக்காந்து பேசுவாங்க. நீ என்னன்னு பாத்துச் சீக்கிரம் முடி."

நான் பார்த்தேன். ராகவன் என்று ஒரு உறுப்பினரைச் சேர்த்தேன். தேடினேன். வந்தார். "எனக்குச் சரியாக வருகிறது. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்" என்று எழுதி, புகாரை முடிந்தது என்று குறித்தேன். மொத்தம் மூன்று நிமிடம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூணாறில் தேயிலை எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். முழுப்பெயர் பேச்சியம்மாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கொச்சியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் பரிசோதிக்கிற வேலை. ஓய்வு நேரத்தில் கைத. சட்டென்று பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் கல்லூரியில் பிடித்தது, இன்னும் விடவில்லை. அந்த மூன்று நிமிடத்துக்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரோசிலி சேச்சி புதிதாக ஒரு பதிவு போட்டார். "செபாஸ்டியனும் இல்லை. ஷாஜஹானும் இல்லை. ஆகவே இது மத விஷயம் இல்லை, பூட்டைத் திறக்கவும். என் கணவர் அந்தப்பனையும் காணவில்லை. வீட்டில் இருக்கிறார், கம்ப்யூட்டரில் இல்லை. பதினெட்டாம் தேதி தாலுகாவிலிருந்து வாயனசாலைக்குத் தரம் பார்த்துக் கிரேடு போட வருகிறார்கள். பட்டியல் ஒழுங்காக இல்லாவிட்டால் என்னை மாற்றிவிடுவதாகக் கமிட்டி சொல்லிவிட்டது." கீழே போன் நம்பர்.

படித்துச் சிரித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அன்று தேதி ஐந்து.

சனிக்கிழமை காலை ரயிலில் இரிஞ்ஞாலக்குட போய் அங்கிருந்து பஸ் பிடித்தேன். வாயனசாலை ரேஷன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ரோசிலி சேச்சிக்கு நாற்பத்திரண்டு வயதிருக்கும், கணுக்கால் தெரியக் கட்டிய காட்டன் புடவை, தோளில் பெரிய துணிப்பை. பை நிறையப் புத்தகங்கள். வீடு வீடாகப் பெண்களுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு அப்போதுதான் படியேறி வந்திருந்தார்.

"நீதான் எம்மேல எழுத்துப் பிழைன்னு எழுதினவளா?" என்றார்.

"ஆமா சேச்சி."

"உள்ள வா. வெயில்ல நிக்காத."

இருபது வயதிலிருந்து கூரை ஓட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிய பிறகு வேறு வேலை இல்லாமல் வாயனசாலைக்குப் பெருக்கித் துடைக்க வந்தார். பழைய லைப்ரேரியன் மகனோடு பெங்களூருக்குப் போனதும், சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இவரிடம் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புதான் படிப்பு. ஒரு விரலால் தட்டித் தட்டி, இரண்டு வருடத்தில் ஏழாயிரம் புத்தகங்களையும் ஐந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களையும் கணினியில் ஏற்றியிருக்கிறார். யார் எதைப் படிப்பார்கள் என்பதும் மனப்பாடம். "நாலாம் வார்டு தேவகி, கொலை இல்லாத கதையத் தொடவே மாட்டா" என்றார்.

செயலாளர் சாத்துண்ணி ஏட்டன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார்.

"கொச்சிலேர்ந்து வந்திருக்கற ஆளா? நல்லது. நான் சொல்றதக் கேளுங்க. என் பேர அடிச்சா வருது. அப்ப மெஷின் சரியாத்தானே இருக்கு? அடிச்ச ஆளுதான் சரியில்ல."

"ஏட்டா, உங்க பேரு வர்றதுதான் பிரச்சினையே" என்றார் ரோசிலி சேச்சி.

"பாத்தீங்களா, பேச்சுக்குக் குறைச்சலில்ல. பதினெட்டாம் தேதிக்குள்ள சரியாகலன்னா என் மருமகன் வேற சிஸ்டம் போட்டுத் தர்றேன்னிருக்கான். பழசெல்லாம் அதுல ஏறாதாம், முதல்லேர்ந்து அடிக்கணுமாம். அதுக்குப் படிச்ச ஆளாப் பாத்துக்கறோம்."

அவர் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் சேச்சி கணினியை என் பக்கம் திருப்பினார்.

"மோளே, ஒண்ணு சொன்னா சிரிப்பியா?"

"சிரிக்க மாட்டேன்."

"பழைய ராகவன் ஒருத்தர எடுத்து, கடைசி எழுத்த மட்டும் அழி. எத்தன தடவ அமுக்கறேன்னு எண்ணு."

அழித்தேன். ஒரு தடவை அழுத்தினால் எழுத்து போகவில்லை. உருவம் மாறியது, அவ்வளவுதான். இரண்டாவது தடவையில் இன்னும் கொஞ்சம் மாறியது. மூன்றாவது தடவையில்தான் போனது.

"இப்ப நீயா ஒரு ராகவன் அடிச்சு, அதோட கடைசி எழுத்த அழி."

ஒரே தடவை. போய்விட்டது.

இரண்டையும் இன்னொரு முறை அழித்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது.

நாம் ன் எழுத, ன மேல் புள்ளி வைக்கிறோம். மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ன், ர், ல், ள், ண் ஆகியவற்றுக்குப் புள்ளி கிடையாது. எழுத்தின் வாலையே மேலே சுழித்துவிடுவார்கள். அதற்குச் சில்லு என்று பெயர். கைத ஐந்தாம் பதிப்பு வரை ஒரு சில்லை மூன்று துண்டாக வைத்திருந்தோம்: எழுத்து, அதை மெய்யாக்கும் ஒரு குறி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டு. ஆறாம் பதிப்பில் சில்லு ஒரே எழுத்தாகிவிட்டது. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. கணினிக்கோ இரண்டும் இரண்டு ஆட்கள். பெண்களின் பெயர் ஆ என்றும் இ என்றும் முடிகிறது, தப்பித்தது. ஹம்சாவும் தப்பித்தார். வர்கீஸின் நடுவிலிருக்கும் ர், எழுத்தின் தலையில் கோடாக ஏறிக்கொள்கிற வகை, அதனால் அவரும் தப்பித்தார். ன் என்று முடிந்த அத்தனை ஆண்களும் மாட்டிக்கொண்டார்கள். கதைகள், நினைவுகள் என்று ள்ளில் முடிகிற புத்தகங்களும் போயிருந்தன.

நான் பரிசோதித்தபோது ராகவனைப் புதிதாக அடித்துப் புதிதாகவே தேடினேன். அவர் எப்படி வராமல் போவார்?

"சேச்சி, இத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஓட்டுக் கம்பெனில எனக்குத் தட்டுற வேலதானே. நல்ல ஓடும் விரிசல் ஓடும் பாத்தா ஒண்ணுதான். தட்டினாத்தான் தெரியும். நீங்க எல்லாம் பாத்துட்டே இருந்தீங்க."

என் அப்பாவின் பெயர் எஸ்டேட் பதிவேட்டில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் வேறு மாதிரி. அந்த ஓர் எழுத்துக்காக ஸ்காலர்ஷிப் கிடைக்காமல் ஒரு மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறேன். 'எங்ககிட்ட சரியாத்தான் இருக்கு' என்று அந்தக் குமாஸ்தா சொன்ன அதே வாக்கியத்தைத்தான் மன்றத்தில் நானும் எழுதியிருக்கிறேன் என்பது திரும்பும் ரயிலில் உறைத்தது. அன்று மாலையே புகாரைத் திறந்து, பிழை என்னுடையது என்று எழுதினேன்.

அது பழைய போரைக் கிளப்பிவிடும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சில்லு ஒரு எழுத்தா, மூன்று துண்டா என்பதில் எங்கள் மன்றம் எட்டு வருடமாக இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மூன்று துண்டுக் கட்சிக்குத் தலைவர் சுகதன் மாஷ், ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், ஒல்லூர்க்காரர். ஒரே எழுத்துக் கட்சிக்கு டின்டோ, முப்பது வயது, நிரல் எழுதுவதில் எங்களில் கெட்டிக்காரன். ஆறாம் பதிப்பின்போது வாக்கெடுப்பு நடந்து மாஷ் தோற்றிருந்தார்.

"அன்றைக்கே சொன்னேன்" என்று மாஷ் எழுதினார். "உடனே ஐந்துக்குத் திரும்புங்கள்."

"உலகமே மாறிவிட்டது. மாஷ் மட்டும் ஓலைச்சுவடியில் இருக்கிறார்" என்று டின்டோ எழுதினான்.

இரண்டு நாளில் நூற்று நாற்பது பதில்கள். எழுத்து என்றால் என்ன, இலக்கணம் என்ன சொல்கிறது, யார் யாரை எந்த வருடம் அவமானப்படுத்தினார்கள் எல்லாம் வந்தது. மணலிக்கடவு மட்டும் வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் ரோசிலி சேச்சி எழுதியிருந்தார்: "நீங்கள் இருவரும் சொல்வது எனக்குப் புரியவில்லை. இன்னும் பத்து நாள்." அதற்குப் பதில் எழுதாமலே நாற்பது பேர் தாண்டிப் போயிருந்தார்கள்.

புதன்கிழமை டின்டோ ஒரு நிரல் எழுதி அனுப்பினான். பழைய சில்லுகளையெல்லாம் புதிதாக மாற்றிவிடும். பட்டியலுக்கு நகல் எடுத்து அதில் ஓட்டிப் பார்க்கச் சேச்சியிடம் சொன்னேன். சாயங்காலம் சேச்சியிடமிருந்து போன்.

"மோளே, ராகவன் வந்தாச்சு! வேலாயுதன் வந்தாச்சு! அந்தப்பனும் வந்தாச்சு, கேட்டுட்டு கிளாரினெட் எடுத்து ஊதறாரு!" பின்னால் ஊதுகிற சத்தம் கேட்டது. சர்ச் பாண்டு செட்டில் வாசிக்கிறவர்.

பத்து நிமிடத்தில் மறுபடி போன்.

"மோளே, இப்ப ஷின்டோவக் காணோம்."

"எந்த ஷின்டோ?"

"மூணு ஷின்டோவையும் காணோம். பின்டோ இல்ல. ஜின்டோ இல்ல. நம்ம மேஸ்திரி வின்டோ இல்ல."

திருச்சூர்ப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் இப்படிப் பெயர் வைக்காத தெரு கிடையாது. டின்டோவின் நிரல் கொஞ்சம் பேராசைப்பட்டு, ன் கண்ட இடத்திலெல்லாம் கை வைத்துவிட்டது. ஷின்டோவின் நடுவில் இருப்பது சில்லு அல்ல, அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ன்.

மன்றத்தில் மாஷ் ஒரே வரி எழுதினார்: "டின்டோவின் நிரல் டின்டோவை விழுங்கிவிட்டது."

அன்று முழுக்கச் சிரிப்பு. ஆனால் மாஷ் சொன்ன வழியும் உதவாது. ஐந்துக்குத் திரும்பினால், ஆறில் புதிதாகச் சேர்த்த நாற்பத்தொரு பேரில் ன் என்று முடிகிறவர்கள் காணாமல் போவார்கள். அதை மாஷிடம் சொன்னது நானில்லை, சேச்சி. அதோடு இன்னொன்றும் எழுதினார்: "ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாயனசாலைக்கு வரவும். மன்றத்தில் எழுதினால் நீங்கள் பெரிய ஆட்கள். நேரில் எப்படி என்று பார்க்கிறேன். கப்பைக்கிழங்கும் மீன் கறியும் உண்டு."

எட்டு வருடம் சண்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருவர் வீட்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். டின்டோ படியேறி வந்தபோது மாஷ் புட்டுக்குழல் மாதிரி விறைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"நீயா டின்டோ? மீசை வெச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"நான் உங்களுக்கு எண்பது வயசுன்னு நெனச்சேன், மாஷே."

"எண்பதா! அறுபத்திரண்டுடா எனக்கு!"

"சரி சரி" என்று சேச்சி நடுவில் தட்டை வைத்தார். "சாப்ட்டுட்டே சண்ட போடுங்க. எனக்கு ஒரு சந்தேகம். எதையும் மாத்தாம விட்டா என்ன? ராகவன் எந்தச் சட்டைல வந்தாலும் நான் ராகவன்னுதான் கூப்பிடுவேன். தேடறப்ப மட்டும் இதும் அதும் ஒண்ணுன்னு நெனச்சுக்கச் சொல்ல முடியாதா?"

இருவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"முடியும் சேச்சி" என்றான் டின்டோ. "ஆனா அது அழகா இருக்காது. ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்."

"கொள்கைப்படியும் தப்பு" என்றார் மாஷ்.

"கர்த்தாவே, எட்டு வருஷத்துல முதல் தடவையா ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார் சேச்சி. "சரி, அழகில்லாமலே செய்யுங்க. பதினெட்டாம் தேதிக்கு அழகு யார் கேட்டா?"

மாஷ் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினார். பிறகு பையிலிருந்து ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்தார். மலையாளத்தில் பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கிற எழுத்துகள் எத்தனை விதம் என்று எட்டு வருடமாகக் குறித்து வைத்திருந்தார். முப்பத்தேழு விதம். எல்லாம் டின்டோவை மடக்குவதற்காகச் சேர்த்தது.

டின்டோ பக்கம் பக்கமாகப் புரட்டினான். "இத ஏன் மாஷே முன்னாடியே தரல?"

"நீ கேட்டியா?"

"நீங்க திட்டிட்டே இருந்தீங்க."

"திட்டறப்பக் கேட்டிருக்கலாமே."

மாஷ் வாசித்தார், டின்டோ அடித்தான். நான் சேச்சியின் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடினேன். புதியவர்களையும் சேர்த்து அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். மூன்று மணிக்குள் அறுநூற்றுப் பதினொன்று வந்துவிட்டது. ஒரு பெயர் மட்டும் எப்படித் தேடியும் வரவில்லை. டின்டோ தலையைப் பிய்த்துக்கொண்டான், மாஷ் முப்பத்தெட்டாவது விதம் என்று எழுத ஆரம்பித்தார். சேச்சி குனிந்து பார்த்தார்.

"ஐயோ, அது கிருஷ்ணன் இல்ல, கிருண்ணன். அது எந் தப்பு. அன்னிக்குக் கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு."

ஷிஹாபுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் புகாரை நீயே முடிச்சிடு பேச்சி" என்றார்.

"இல்ல. சேச்சிகிட்ட குடுங்க. அவங்க பாத்து முடிஞ்சதுன்னு சொன்னா முடிஞ்சது."

"பயனர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாதே."

"அதனாலதானே இவ்வளவும்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் சேச்சிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். சேச்சி உடனே முடிக்கவில்லை. புத்தகங்களையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. ஒரு மணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று மணிக்கு எடுத்தார்.

"வந்துட்டுப் போயிட்டாங்களா சேச்சி?"

"போயிட்டாங்க. மூணு பேர். ஒரு அம்மா ரொம்பக் கண்டிப்பு. பழைய கைப் பதிவேட்ட எடுக்கச் சொல்லி, கண்ண மூடிட்டு ஒரு பேருல விரல வெச்சாங்க. கேசவன். கம்ப்யூட்டர்ல காட்டுங்கன்னாங்க."

"வந்தாரா?"

"வந்தாரு. மொத்தம் நாலு கேசவன். எந்தக் கேசவன்னு நான் திருப்பிக் கேட்டேன்."

"கிரேடு?"

"அது ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும். ஆனா மோளே, சாத்துண்ணி ஏட்டன் அவங்ககிட்ட என்னக் காட்டி 'இது எங்க லைப்ரேரியன்'னாரு. இது வரைக்கும் யார் வந்தாலும் 'இங்க உக்காந்திருக்கற பொண்ணு'ன்னுதான் சொல்வாரு."

எனக்கு உடனே எதுவும் சொல்ல வரவில்லை. சொல்லாமல் இருந்தேன்.

"சாயங்காலம் கமிட்டி" என்றார் சேச்சி. "அடுத்த மூணு வருஷத்துக்கும் என்னையே வெச்சுக்கறதாத் தீர்மானம் போடறாங்க. அத யார் டைப் பண்றதுன்னு நெனக்கிற?"

"நீங்களா?"

"வேற யாருக்கு இங்க டைப் பண்ணத் தெரியும்? பாதி அடிச்சிட்டேன். நீ கூப்பிட்டுக் கெடுத்துட்ட. வை போன."